மாரிக்கு முன் பொதுக்காணி மதகையும் பொதுக்கிணற்றையும் சீர்செய்து தருமாறு கோரும் மனு

திகதி: 18.08.2025

அனுப்புநர்:
நிருவாகத்தினரும் குடும்பத்தலைவர்களும்,
வீட்டுத்திட்டக் குடியிருப்பாளர் நலன்புரிச் சங்கம்.

பெறுநர்:
மதிப்பிற்குரிய செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை.

ஊடாக: கிராம அலுவலர் அவர்கள்

பொருள்: வீட்டுத்திட்டப் பொதுக்காணியின் வடிகால், மதகு, பொதுக்கிணறு ஆகியவற்றைச் சீர்செய்தலும் பராமரிப்புப் பொறுப்பை எழுத்தில் உறுதிசெய்தலும் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

எமது வீட்டுத்திட்டத்தின் நடுவிலுள்ள பொதுக்காணியையும், அதில் அமைந்துள்ள பொதுக்கிணறு, விளையாட்டிடம், முன்பள்ளி, பொதுநோக்கு மண்டபம் ஆகியவற்றையும் பராமரிப்பது தொடர்பாக முன்னரும் பல தடவைகள் தங்கள் அலுவலகத்துக்கு எழுத்தில் அறியத்தந்துள்ளோம். அக்கடிதங்கள் கிடைத்தமைக்கான முத்திரை எமது பிரதிகளில் உள்ளது. பதில் எதுவும் இதுவரை வந்து சேரவில்லை. தங்கள் பணிச்சுமையையும், வன்னியில் ஒரு பிரதேச சபைக்குக் கிடைக்கும் சோலைவரி எவ்வளவு சொற்பமானது என்பதையும் நாம் அறியாதவர்கள் அல்லர். ஆயினும் மாரி மழை தொடங்க இன்னும் சில வாரங்களே இருப்பதால், மீண்டும் ஒருமுறை தங்கள் மேலான கவனத்துக்கு இதனைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

தாங்கள் எமது பகுதியை நேரில் அறிந்தவர் என்பதால் இடத்தை விரிவாக விளக்க வேண்டியதில்லை. பிரதான வீதியிலிருந்து பிள்ளையார் கோவிலடியால் திரும்பும் கிரவல் வீதி பாலைமரத்தடியில் இரண்டாகப் பிரியும் இடத்தில் எமது பொதுக்காணி தொடங்குகிறது. மேற்கே உயர்ந்திருக்கும் அந்நிலம் கிழக்கே குளத்தின் அலைகரையை நோக்கிச் சரிகிறது. மேற்குப் பக்க ஒழுங்கைகளில் விழும் மழைநீர் முழுவதும் அந்தச் சரிவால்தான் வடிந்து போக வேண்டும்.

1. வடிகாலும் மதகும்

மீள்குடியேற்றத்துக்குப் பின்னரான முதல் ஆண்டுகளில் இக்காணியில் வெள்ளம் தங்கியதில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சம் ரூபாய் உதவியுடன், மேசனுக்குக் கைகொடுத்து நாமே நின்று வீடுகளைக் கட்டிய காலத்தில், கல்லும் மணலும் இக்காணியில்தான் பறிக்கப்பட்டன. மழை நாட்களிலும் உழவு இயந்திரம் புதையாமல் வந்து போனது. பின்னர் உள்வீதி கிரவல் இட்டு உயர்த்தப்பட்டபோது, வடிகாலை வீதி கடக்கும் இடத்தில் கியூம் குழாய் எனப்படும் பெரிய கொங்கிறீற்றுக் குழாய் பதித்து மதகு அமைக்கப்பட்டது. அக்குழாயின் அடிமட்டம் வடிகாலின் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. ஆகவே பொதுக்காணியில் அந்த உயரத்துக்கு நீர் நிரம்பும் வரை ஒரு துளியும் மறுபக்கம் செல்வதில்லை; மழை விட்ட பின்னரும் அந்த அளவு நீர் வெயிலில் வற்றும் வரை அங்கேயே கிடக்கிறது.

வடிகாலைத் துப்புரவாக வைத்திருக்குமாறு எமக்கு வாய்மூலம் அறிவுறுத்தப்பட்டது. துப்புரவாகவே வைத்திருக்கிறோம். மண் அள்ளி, புல் செருக்கி, கரை வெட்டியும் நீர் போகாததற்குக் காரணம் குழாயின் மட்டமே. இதனை அறிய நீண்ட ஆய்வு தேவையில்லை. மட்டம் பார்க்கும் கருவியுடன் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் அரை மணி நேரம் வந்து நின்றால் போதும்.

2. பொதுக்கிணறு

ஐயா, இம்மனுவின் மற்றைய எல்லாவற்றையும் தாங்கள் ஒதுக்கிவைத்தாலும் இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து முழுமையாக வாசிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்.

எமது திட்டத்தில் வீடு கிடைத்த எல்லோருக்கும் கிணறு கிடைக்கவில்லை. சொந்தமாகக் கிணறு வெட்டியவர்களிலும் பலருக்கு ஊறியது உவர்நீர். அது பயிருக்கும் குளிப்புக்கும் ஆகுமே தவிரக் குடிக்க ஆகாது. தேநீர் வைத்தால் திரைந்து போகும், பானையில் வெள்ளைப்படிவு கட்டும். ஆகவே பருப்பு அவிக்கவும், குழந்தைக்குப் பால்மா கரைக்கவும், முன்பள்ளிப் பிள்ளைகளின் போத்தலை நிரப்பவும் எமக்குள்ளது பொதுக்காணிக் கிணறு ஒன்றே. கோடையிலும் வற்றாத நல்ல நீர் அது. அந்த நீரை நம்பியே இப்பொதுக்காணி இவ்விடத்தில் ஒதுக்கப்பட்டது என்பதை வயதில் மூத்தவர்கள் சொல்வார்கள்.

மதகினால் தேங்கும் வெள்ளம் முதலில் இந்தக் கிணற்றடிக்குத்தான் வருகிறது. கிணற்று மேடை வெடித்திருக்கிறது, கட்டு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. பெரிய மழை பெய்தால் நிலத்தின் மேலால் ஓடும் நீர் அந்த வெடிப்பாலும் சரிவாலும் கிணற்றுக்குள் இறங்குகிறது. அது வெறும் மழைநீராக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டோம். மேற்கு ஒழுங்கைகளின் மலசலகூடக் குழிகள் மாரியில் நிரம்பி, மூடியின் விளிம்பால் கசிகின்றன. மாட்டுப்பட்டிக் கழிவும், வீதியோரக் குப்பையும் அதனுடன் சேர்ந்து அதே சரிவால் வருகின்றன. வீடு கட்டும்போது கிணற்றுக்கும் குழிக்கும் இடையே விட வேண்டிய தூரத்தை அளந்து காட்டித்தான் எமக்கு இடம் குறித்தார்கள். கழிவு மண்ணினூடாக வடிகட்டப்பட்டு வரும்போதுதான் அந்தத் தூரத்துக்குப் பொருள் உண்டு. நிலத்தின் மேலால் ஓடிவந்து கிணற்றின் வாயால் விழும் நீருக்கு ஐம்பது அடியும் நூறு அடியும் ஒன்றுதான்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் இடுகிறார், அதற்கு நன்றியுடையோம். ஆனால் சேறும் அழுக்கும் கலந்து கலங்கிய நீரில் குளோரினின் வீரியம் அந்த அழுக்கிலேயே செலவாகி, கிருமியைக் கொல்ல எஞ்சுவது குறைவு. அடுத்த மழைக்கு மீண்டும் வெள்ளம் இறங்குகிறது. கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்கிறார்கள். விறகு நனைந்து கிடக்கும் காலத்தில் ஒரு குடும்பத்துக்கான குடிநீர் முழுவதையும் கொதிக்கவைப்பது எவ்வளவு பாடு என்பதை எமது தாய்மாரைக் கேட்டால் தெரியும். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் பறிபோனபோது, வெள்ளநீரில் காலை வைக்காதீர்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எமது பெண்கள் முழங்கால் வெள்ளத்தில் இறங்கி நின்றுதான் அந்தக் கிணற்றில் நீர் அள்ளுகிறார்கள். அள்ளாமல் என்ன செய்வது?

காலபோக விதைப்பு முடிந்தபின் கூலிவேலை குறைந்து கையில் காசில்லாத அதே மாதங்களில்தான் கான் கணக்கில் சுத்திகரித்த நீரை விலைகொடுத்து வாங்க வேண்டியுள்ளது. வாங்க முடியாதவர்கள் பெரிய வீதிக்கு அப்பால் உள்ள கிணற்றுக்கு நடக்கிறார்கள். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வரும் என்று சொல்லப்படும் நாளில் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போகாமல் காத்திருக்கிறோம். வராவிட்டால் வரவில்லை என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. கணவரை இழந்து தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் எமது திட்டத்தில் பலர். போரில் காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சேற்றில் ஊன்றுகோல் புதைய ஒரு கான் நீருடன் வீடு திரும்பும் மனிதருக்கு நாம் என்ன பதில் சொல்வது? மதகின் மட்டம் பிழை என்று சொல்லலாம். அதைத்தான் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2018ஆம் ஆண்டு மார்கழி 21ஆம், 22ஆம் திகதிகளில் வன்னி முழுவதும் வெள்ளம் வந்தபோது அதை இயற்கையின் அனர்த்தம் என்று ஏற்றுக்கொண்டோம். ஆனால் சாதாரண மாரி மழைக்கே வரும் இந்த வெள்ளத்தை இயற்கையின் மேல் போட முடியாது. ஒரு குழாயை உயர்த்திப் பதித்ததால் வந்தது இது. பதித்தவர்களால் தாழ்த்தவும் முடியும்.

3. பொறுப்பு யாருடையது?

சபைக்குச் சென்றால், காணி இன்னும் சபையிடம் முறையாகக் கையளிக்கப்படவில்லை என்கிறார்கள். காணிப் பகுதிக்குச் சென்றால், பராமரிப்பு உள்ளூராட்சி மன்றத்தின் வேலை என்கிறார்கள். வடிகால் பற்றி நீர்ப்பாசனப் பகுதியைக் கேட்டால், அது பாசன வாய்க்கால் அன்று என்கிறார்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின், தேர்தல் வந்து உறுப்பினர்கள் தெரிவாகும் வரை பொறுக்கச் சொன்னார்கள், பொறுத்தோம். 2025 மே 6ஆம் திகதி தேர்தலும் முடிந்தது. இனி எதற்காகப் பொறுக்க வேண்டும், ஐயா?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றின் நிருவாகத்தையும் மக்களின் வசதியையும் நலனையும் பேணுவதையும் பிரதேச சபையிடமே ஒப்படைத்துள்ளது. எமது காணியின் வாசலில் சபையின் பெயர்ப்பலகை நிற்கிறது. விளையாட்டிடத்தில் ஒரு போட்டி வைப்பதென்றாலும் சபையின் அனுமதியைத்தான் பெறுகிறோம். அனுமதி கொடுக்கும் அதிகாரம் இருக்குமிடத்தில் கிணற்றடியைத் திருத்தும் கடமையும் இருக்க வேண்டும் என்பதே எமது தாழ்மையான வாதம்.

4. சங்கம் செய்தவை

எல்லாவற்றையும் அரசாங்கமே செய்ய வேண்டும் என்று கைகட்டி இருக்கவில்லை. மாதச் சந்தா சேர்க்கிறோம். முடியாதவர்கள் சிரமதானத்தில் உழைப்பைத் தருகிறார்கள். காணியைச் சுற்றித் தூண் நட்டு முட்கம்பி இழுத்தது, மண்டபத்துக் கூரை ஓடு மாற்றியது, கிணறு இறைத்தது, கப்பியும் கயிறும் வாங்கியது எல்லாம் சங்கப் பணம். ஆனால் சபையின் வீதியை வெட்டிக் குழாயைத் தோண்டி எடுக்க எமக்கு உரிமை இல்லை. இளைஞர்கள் மண்வெட்டியுடன் இறங்க முனைந்தபோது சட்டத்துக்கு மாறாக எதுவும் செய்ய வேண்டாம் என்று நாமே தடுத்தோம். அந்தத் தடையை இந்த மாரியிலும் எம்மால் நியாயப்படுத்த முடியுமா என்று தெரியவில்லை.

5. பாலைமரத்தடி வீதி விளக்கு எரிவதில்லை. குப்பை உழவு இயந்திரம் உள் ஒழுங்கைகளுக்கு வருவதில்லை.

6. முன்பள்ளி முற்றமும் அதே வெள்ளத்தில்தான் நிற்கிறது. மாரியில் நாட்கணக்கில் வகுப்பு நடப்பதில்லை. தேங்கிய நீரில் நுளம்பு பெருகுகிறது, டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் எமது முற்றத்துச் சிரட்டையைக் கவிழ்க்கச் சொல்கிறார்கள். கவிழ்க்கிறோம். பொதுக்காணியில் குளமாய்க் கிடக்கும் நீரை யார் கவிழ்ப்பது?

ஆகவே ஐயா, தங்களிடம் நாம் மன்றாடிக் கேட்பது பின்வருமாறு:

(அ) இம்மாதத்துக்குள் தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பி மதகின் மட்டத்தை அளப்பிக்கவும். வரும்போது முன்கூட்டி அறியத்தந்தால் சங்கத்தினர் உடன் நிற்போம்.

(ஆ) மழைக்கு முன் அக்குழாயை வடிகாலின் தரைமட்டத்துக்குத் தாழ்த்திப் பதிக்கவும். பெக்கோ எனப்படும் மண் தோண்டும் இயந்திரத்தையும் குழாயையும் சபை தந்தால் மண்வேலைக்கு வேண்டிய ஆட்களை நாம் தருகிறோம். சம்பளம் கேட்க மாட்டோம்.

(இ) கிணற்றுக் கட்டை வெள்ளமட்டத்துக்கு மேல் உயர்த்தி, மேடையைச் சீமெந்தினால் பூசி, கழிவுநீர் கிணற்றை விட்டு விலகிச் செல்லச் சிறு வடிகால் அமைத்துத் தரவும். இவ்வாண்டு நிதி இல்லையெனில், தற்காலிகமாக மண்மூடை அடுக்கவாவது அனுமதியும் மூடையும் தந்து, நிரந்தர வேலையை 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கவும்.

(ஈ) பொதுக்காணியின் பராமரிப்பு எந்த அலுவலகத்துக்குரியது என்பதை எழுத்தில் அறியத்தரவும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும் என்பதை அறிவோம். எங்கள் சபையிடம் அந்த வழியால் போய்க் கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது என்றே விரும்புகிறோம்.

மற்றைய குறைகள் பொறுக்கக்கூடியவை. விளக்கு இல்லாமல் ரோச் பிடித்து நடக்கலாம், மண்டபம் ஒழுகினால் கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம். குடிதண்ணீரைத் தள்ளிவைக்க முடியாது. எமது கிணற்றை இந்த மாரிக்கு முன் காப்பாற்றித் தாருங்கள். கிணற்றை மட்டுமாவது காப்பாற்றித் தாருங்கள், ஐயா.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர், செயலாளர், பொருளாளர்,
வீட்டுத்திட்டக் குடியிருப்பாளர் நலன்புரிச் சங்கம்.

இணைப்பு: குடும்பத்தலைவர்களின் கையொப்பங்கள், முன்னைய கடிதங்களின் பிரதிகள், கிணற்றடியினதும் மதகினதும் நிழற்படங்கள்.

பிரதிகள்: பிரதேச சபைத் தவிசாளர் அவர்கள், பிரதேச செயலாளர் அவர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்கள்.