ஊமைப் படம் பார்த்த அய்யாவுக்கு

முந்தாநாள் ராத்திரி ரிசல்ட் வந்தது. புரோகிராமிங் டிப்ளமோ முடிந்துவிட்டது. கை இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் பாப்பாவும் இரண்டு பெட்டியோடு முகப்பேர் ஹவுசிங் போர்டுக்கு வந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி கிளறப் போவதில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய பேர். ஆனால் முதலில் பக்கத்து வீட்டு அய்யா.

குடிவந்த முதல் வாரம் மாடிப்படியில் பார்த்து, "வீட்டுக்காரரு எங்க வேலை?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த ஒரு கேள்வியை வைத்தே அவர் எப்படிப்பட்டவர் என்று முடிவுகட்டிவிட்டேன். போதாக்குறைக்கு அவர் வீட்டு டிவி. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், காது கொஞ்சம் மந்தம். ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்தியோ மேட்சோ போட்டால் எங்கள் வீட்டுச் சுவரே பேசும்.

2023 ஜனவரியில் ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். இந்த டிப்ளமோ அதில் ஒரு படிதான். "ஜேஇஇ எழுதாமல் ஐஐடியா?" என்று சிரித்தவர்கள் உண்டு. நாலு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேர்த்துக்கொள்கிறார்கள், வயது வரம்பு கிடையாது. வருடத்துக்கு மூன்று டெர்ம். எடுக்கிற பேப்பருக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்னொரு ஒற்றைச் சம்பளக்காரிக்குத்தான் தெரியும். பாடமெல்லாம் ஆங்கிலத்தில், வீடியோவில். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த நான் ஒரே வாக்கியத்தை மூன்று தடவை ஓட்டிக் கேட்பேன். ஹெட்போன் போடவும் வழியில்லை. பாப்பாவுக்கு அப்போது வீசிங். தூக்கத்தில் அவள் மூச்சு விடுகிற சத்தம் என் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதனால் ஒரு நாள் ராத்திரி கதவைத் திறந்து வைத்துவிட்டு, லேப்டாப்போடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். குப்பை போட வந்த அய்யா நின்றார்.

"இன்னாம்மா, ஆபீஸ் வேலையா?"

"இல்லைங்க அய்யா, படிக்கிறேன்."

"பரீட்சையா?"

"ஆமாங்க. தினமும் ராத்திரிதான் நேரம் கிடைக்குது."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து சுவர் பேசவில்லை. டிவி ரிப்பேர் போல என்று நினைத்தேன். சத்தியமாக, சந்தோஷப்பட்டேன்.

அந்த மே மாதக் கடைசியில் ஐபிஎல் ஃபைனல் மழையால் தள்ளிப்போய், மறுநாள் நள்ளிரவைத் தாண்டி நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும், ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். தெருவே வெடி வெடித்தது. நான் கணக்குப் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு விழித்திருந்தேன். அய்யா வீட்டிலிருந்து மூச்சுச் சத்தம் கூட இல்லை. வயசானவர், தூங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போனபோது அந்த வீட்டு அம்மா சொன்னார்: "பாஸாயிட்டியா? அப்பாடா, இனிமேலாச்சும் இவரு சத்தம் வச்சிப் பாக்கட்டும். மூணு வருசமா ஊமைப் படம்தான் ஓட்டிக்கிட்டிருக்காரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அய்யா டிவியைப் பார்த்தபடியே, "ஸ்கோர்தான் கீழ போடுறானே, காது எதுக்கு?" என்றார். ஜடேஜா அடித்த அந்த ஃபோரையும் அப்படித்தான் பார்த்தாராம். தெருவில் வெடிச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்று, கை தட்டாமல், துண்டை மட்டும் சுழற்றினாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் கேசரித் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். மூன்று வருடம் பக்கத்திலேயே இருந்த மனிதரிடம் மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியிருக்க மாட்டேன். படிக்கட்டில் அவர் கேட்ட அந்த முதல் கேள்விக்கு இன்று பதில் சொல்லலாம் போலிருக்கிறது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குவிஸும் எண்ட் டெர்மும் நேரில் போய் எழுத வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பாவைப் பார்த்துக்கொண்ட மூன்றாவது மாடி அக்கா. கட்டணச் சலுகைக்கு வருமானச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், "பிரிஞ்சு இருக்கீங்களா?" என்று வரிசையே திரும்பிப் பார்க்கும்படி கேட்காமல், காகிதத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட இ-சேவை மையத்துப் பெண். புள்ளியியலில் நான் கோட்டைவிட்ட டெர்மில், "அடுத்த டெர்ம்ல மறுபடி எடு, ஓடியா போகுது" என்று சொன்ன அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் தோழிகள். அப்புறம் என் அம்மா. அவளுக்குத் தனியாக எழுதினால் திட்டுவாள்.

பட்டம் முழுதாக வாங்க இன்னும் தூரம் இருக்கிறது. டேட்டா சயன்ஸ் டிப்ளமோ பேப்பர்கள் அடுத்த டெர்மில் ஆரம்பம். பாப்பாவுக்கு வீசிங் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஹெட்போன் வாங்கிவிட்டேன். மேல்வீட்டுப் பையனுக்கு இந்த வருடம் ப்ளஸ் டூ என்று கேள்விப்பட்டேன். காலை ஐந்து மணிக்கு என் வீட்டில் இனிமேல் மிக்ஸி ஓடாது, சட்னி ஏழு மணிக்குத்தான்.

மணி ஒன்பதே கால். சுவருக்கு அந்தப் பக்கம் செய்தி ஓடுகிறது, பெட்ரோல் விலை வரைக்கும் தெளிவாகக் கேட்கிறது. அய்யா, இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.