ஞாயிறு கூட்டம்: கொரிய இசைக்கருவி ஸ்டாம்புகள்

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு கூகுள் மீட்டில் கூடுகிறோம். இந்த முறை தென் கொரியாவின் பாரம்பரிய இசைக்கருவி ஸ்டாம்புகள், முக்கியமாக 1974-ல் வந்த தொடர்.

1. கையில் இருப்பதை சனி இரவுக்குள் ஸ்கேன் செய்து இங்கே போடுங்கள். போன தடவை மாதிரி ட்யூப்லைட் அடித்த போட்டோ வேண்டாம், பாதி ஸ்டாம்ப் வெள்ளையாகத்தான் தெரிந்தது.

2. கயாகுமையும் கொமுங்கோவையும் தயவுசெய்து குழப்பாதீர்கள். இரண்டும் நீளமாகப் படுத்திருக்கும் நரம்புக் கருவிதான், ஆனால் கயாகுமுக்கு 12 நரம்பு, ஒவ்வொன்றின் கீழும் காட்டு வாத்தின் கால் மாதிரி நகர்த்தக்கூடிய ஒரு சின்னத் தாங்கி, விரலால் மீட்டுவார்கள். கொமுங்கோவுக்கு 6 நரம்பு, வீணையில் இருப்பது மாதிரி 16 மெட்டுகள், வாசிப்பது மூங்கில் குச்சியால்.

3. ‘டிபிஆர் கொரியா’ என்று அச்சிட்டிருந்தால் அது வட கொரியா. அதைத் தனியாக வையுங்கள்.

4. ஹேகும் ஸ்டாம்ப் யாரிடமாவது டூப்ளிகேட் இருக்கிறதா? இரண்டே நரம்பு, வில் அந்த இரண்டுக்கும் நடுவில் போகும், அதுதான். நான் மாற்றிக்கொள்ளத் தயார்.

வருகிறவர்கள் வெள்ளிக்குள் பெயரோடு பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் காட்டினால் கணக்கில் சேராது.