காரைக்குடி ஆட்டோ அண்ணனுக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை, காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டில் அழுதுகொண்டே கானாடுகாத்தான் போகணும் என்றேனே, அது நான்தான் அண்ணே.

சென்னையிலிருந்து வந்த பஸ் வழியில் பழுதாகி, மூன்று மணி நேரம் தாமதம். பதினொரு மணிக்கு உடலை எடுத்துவிடுவார்கள். போனில் நான் பேசியதைக் கேட்டுவிட்டு வண்டியை விரட்டினீர்கள். நடுவில் ஒரு பூக்கடையில் நிறுத்தியபோது எனக்குக் கோபம்கூட வந்தது. கையில் மாலையோடு திரும்பி வந்தீர்கள். எனக்கு அந்த நினைப்பே இல்லை.

இறந்தவர் எனக்கு உறவில்லை, பக்கத்து வீட்டு ஆச்சி. மழை வந்தால் ஊரே வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், அண்டாவை வைத்துத் தண்ணீர் பிடிக்கும். ஆச்சி மட்டும் எங்களை இழுத்துக்கொண்டு நடுவளவில் நின்று நனைவார். ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலைத் தரையில் ஈரக்காலோடு சறுக்கி விளையாடுவார், அப்போதே வயது ஐம்பது இருக்கும்! யார் திட்டினாலும் சிரிப்புதான். எனக்கு ஊருணியில் நீச்சல் பழக்கியதும் அவர்தான்.

வீட்டுக்குப் போனால், எடுத்துவிட்டார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள்தான் "ஏறுங்கம்மா" என்று செம்மண் பாதையில் திருப்பி, ஊருணிக்கரையில் ஊர்வலத்துக்கு முன்னால் போய் நிறுத்தினீர்கள். இறங்கிப் போய், "ஒரு நிமிஷம் இறக்குங்க, புள்ள மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கு" என்றீர்கள். இறக்கினார்கள். முகம் பார்த்தேன்.

அழுது முடித்துத் திரும்பினால் உங்கள் வண்டியைக் காணோம். பை மட்டும் திண்ணையில் பத்திரமாக இருந்தது. மாலைக் காசும் ஆட்டோ வாடகையும் இன்னும் என்னிடமே இருக்கின்றன அண்ணே.