குட்டிய கையும் எண்ணெய் வைத்த கையும்

அன்புத் தம்பிக்கு,

மூன்று ஞாயிறாக உன்னைச் சபையில் காணோம். போன் செய்தால் "வேலை இருக்குது அண்ணே" என்கிறாய். காரணம் வேலை இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று நன்றாகத்தான் பிரசங்கித்தாய். நடுவில், "தனக்குத்தானே உதவி செய்கிறவனுக்குத் தேவன் உதவுவார் என்று வேதம் சொல்லுகிறது" என்றாய். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் உன்னைக் கூப்பிட்டு, நம் சபையில் தையல் வேலை செய்கிற அந்த அக்கா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அந்த வசனம் எந்த அதிகாரத்துல இருக்கு?" அப்படியொரு வசனம் வேதத்தில் இல்லை. நாம் பெலனற்றவர்களாயிருக்கும்போதே கிறிஸ்து மரித்தார் என்கிற ரோமர் 5:6 அதற்கு நேர் எதிர்.

அப்புறம் நீ என்னிடம் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "மூணு வருஷம் வேதாகமக் கல்லூரியில படிச்சவன் நான். தையல் மிஷின் மிதிக்கிறவங்களா எனக்குச் சொல்லித் தரணும்?"

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். பெரிய போதகர் யாராவது சொல்லியிருந்தால் தலைகுனிந்து கேட்டிருப்பாய், இல்லையா?

அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற பிரசங்கி அப்பொல்லோவை நினைத்துப் பார். அலெக்சந்திரியாவில் பிறந்தவன், சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவன். எபேசு ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசினான். ஆனால் மனந்திரும்பும்படி யோவான்ஸ்நானன் கொடுத்த ஸ்நானத்துக்கு மேல் அவனுக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்து பிழைக்கிற புருஷனும் மனைவியும். மோதிரக் கைகள் அல்ல, வேலை செய்து காய்த்த கைகள். அப்போஸ்தலன் பவுல் கொரிந்துவுக்கு வந்தபோது இவர்கள் வீட்டில் தங்கி, அதே தொழிலைச் செய்தார். அந்த ஊரில் ஒன்றரை வருஷம் இருந்தார். வேலைக்கு நடுவே அவரிடம் எவ்வளவு கேட்டிருப்பார்கள்!

ஜெப ஆலயத்தின் நடுவே எழுந்து அவர்கள் மறுத்துப் பேசவில்லை. "அவனைச் சேர்த்துக்கொண்டு" விவரித்தார்கள் என்று அந்தப் புத்தகத்தில் லூக்கா எழுதுகிறார். அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடிக்கும். அப்பொல்லோ என்ன பதில் சொன்னான் என்று இல்லை. அடுத்த வசனத்தில் அவன் அகாயாவுக்குப் போக மனதாயிருக்கிறான், சகோதரர்கள் அவனுக்காகக் கடிதம் எழுதுகிறார்கள். பிற்பாடு பவுலே கொரிந்தியருக்கு எழுதினார்: "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான்."

எனக்கும் வலித்திருக்கிறது, தம்பி. ஜெபிக்கிற சாக்கில் மற்றவர்களைக் குத்திக் காட்டுகிறேன் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அன்று இரவு தூக்கம் இல்லை, அவர்மேல் அவ்வளவு கோபம். அடுத்த வாரம் ஜெபிக்க எழுந்தேன். வாயில் வந்த முதல் வரியே பின்வரிசையில் இருந்த ஒருவரைக் குறிவைத்தது. அப்படியே நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

"நீதிமான் என்னைத் தயவாய்க்குட்டி, என்னைக் கடிந்துகொள்ளட்டும், அது என் தலைக்கு எண்ணெயைப்போலிருக்கும்" என்கிறது 141-ஆம் சங்கீதம். இதை வாசிக்கும்போதெல்லாம் அம்மா ஞாபகம்தான் வரும். சனிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்க்கும்போது, ஆடாமல் உட்காரச் சொல்லி ஒரு குட்டு வைப்பாள். குட்டியதும் எண்ணெய் வைத்ததும் அதே கைதான்.

சரி, இந்த ஞாயிறு வா. போன வாரம் ஆராதனை முடிந்ததும் அந்த அக்கா என்னைத் தேடி வந்து கேட்டார்: "தம்பிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

அன்புடன்,
அண்ணன்