மூன்றாவது நிபந்தனை: பொங்கல் விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தாராவி, மும்பை

மதிப்புக்குரிய விழாக் குழு அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம். (குழுவில் அக்கா தங்கை ஒருவரும் இல்லாதது பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், இன்று அது வேண்டாம்.)

இந்தப் பொங்கலுக்குக் கோலப்போட்டி, உறியடியோடு 'மனம் கவர்ந்த தொலைக்காட்சித் தொடர் எது?' என்று ஒரு வாக்கெடுப்பும் உண்டு என்று மளிகைக் கடையில் படிவம் கொடுத்தார்கள். நல்ல யோசனை. ஆண்டுதோறும் மாமியாரா மருமகளா என்று பட்டிமன்றம் கேட்டுக் காது புளித்துப்போனவர்களுக்கு இது எவ்வளவோ மேல். குடும்பம், புராணம், துப்பறிதல், நகைச்சுவை, பொது அறிவு என்று ஐந்து கட்டங்கள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து, புராணக் கட்டத்தில் 'மகாபாரதம், 1988' என்று எழுதியும்விட்டேன். அதன் பிறகுதான் அடியில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகள் கண்ணில் பட்டன. மூன்றாவது நிபந்தனை: 'தமிழில் ஒளிபரப்பான தொடர்கள் மட்டுமே ஏற்கப்படும்.'

எழுதியதை நான் அடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

பம்பாய்த் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியது 1972 அக்டோபர் 2 அன்று. சன் டிவி தொடங்கியது 1993 ஏப்ரல் 14 அன்று. நம் சந்துக்குள் கேபிள் கம்பி நுழைந்தது அதற்கும் பிறகு. இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் நாம் கண்ணை மூடிக்கொண்டா இருந்தோம்? சென்னைக்காரர்களுக்கு 1975 முதல் சொந்த நிலையம் இருந்தது. நமக்குத் தமிழ் என்றால் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடும்போது எப்போதாவது வரும் ஒரு தமிழ்ப் படம்தான். அதுவும் விருது வாங்கிய படமாக இருக்கும். அரைமணி நேரம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சண்டை எப்போது வரும் என்று பையன்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வராது.

மற்ற நாளெல்லாம் இந்தியும் மராத்தியும்தான். அவற்றைத்தான் பார்த்தோம், சிரித்தோம், அழுதோம்.

எங்கள் வரிசையில் முதலில் தொலைக்காட்சி வாங்கியவர் தோல் பட்டறை மேஸ்திரியாக இருந்த எதிர்வீட்டு மாமா. இருபக்கமும் தள்ளித் திறக்கும் மரக் கதவு வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. திரைமேல் மூன்று நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்: மேலே நீலம், நடுவில் சிவப்பு, அடியில் பச்சை. கிருஷ்ணர் தேரில் நின்றால் கிரீடம் நீலமாகவும் மார்பு சிவப்பாகவும் கால் பச்சையாகவும் தெரியும். பச்சைக்காலோடு அவர் கீதை சொன்னதை இருபது பேர் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து கேட்டோம். கேட்டோம் என்பது முழு உண்மையில்லை. அவர் சொன்னதை நான் சொன்னேன், மற்றவர்கள் கேட்டார்கள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். தெருவில் பொறுக்கிய இந்தி தக்காளி பேரம் பேசப் போதும். பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்துக்கு வசனம் எழுதிய ராஹி மாசூம் ரஜாவின் இந்தியோ வடமொழி ததும்பும் அரண்மனை இந்தி. என் மடியில் கடலையைப் போட்டுவிட்டு ஆச்சி காதைக் கொடுப்பாள். வேடிக்கை என்னவென்றால், அந்த இந்தியில் பாதி ஆச்சிக்குத்தான் தெரியும். பிரதிக்ஞை, வரம், சாபம், தர்மம் எல்லாம் அவள் கதைகேட்டுப் பழகிய சொற்கள். வந்தான், போனான், கொன்றான் என்பவை மட்டும் அவளுக்குப் பிடிபடாது. எனக்கு அவை தெரியும், பிரதிக்ஞை தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேறுவார்.

தொடரின் தொடக்கத்தில் திரையில் அண்டம் சுழலும். ஒரு குரல் 'நான் சமய்' என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். காலமே கதை சொல்வதாக ஏற்பாடு. முதல் வாரம் நான் அப்படியே "நான்தான் சமயம் என்கிறார் ஆச்சி" என்று சொல்லிவிட்டேன். ஆச்சி திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "எந்தச் சமயம்? சைவமா, வைணவமா?"

மறுநாள் பள்ளியில் பிரதிக்ஞைக்குத் தமிழ் என்ன என்று வாத்தியாரிடம் கேட்டேன். சூளுரை என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம், அக்கா என் ரிப்பனை எடுத்தால்கூட நான் சூளுரைத்தேன். தமிழ் வளர்க்கத்தான் மூன்றாவது நிபந்தனை என்று நீங்கள் சொல்வீர்கள் என்பதால் இதை இங்கே குறித்துவைக்கிறேன்.

ஆச்சிக்கு அந்தத் தொடர்மேல் ஒரு பெரிய மனத்தாங்கலும் உண்டு. அவள் வளர்ந்தது சேரன்மகாதேவிப் பக்கம். மழைக்காலத்தில் வீட்டுத் திண்ணையில் பெரிய எழுத்துக் கதைப்புத்தகமான அல்லி அரசாணி மாலையை ஒருவர் ராகம் போட்டு வாசிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். அவளுக்குத் தெரிந்த பாரதத்தில் மதுரையை ஆண்ட அல்லி உண்டு. ஆண்வாடையே ஆகாத அந்த அரசியை நெருங்க அர்ச்சுனன் பாம்பாக மாற வேண்டியிருந்தது. அர்ச்சுனன் திரையில் தோன்றும்போதெல்லாம் ஆச்சி என் தோளை இடிப்பாள்: "அல்லி எப்போது வருவாள்?" அடுத்த வாரம் என்பேன். பாண்டவர்கள் காட்டுக்குப் போனார்கள், திரும்பினார்கள், போர் வந்தது, பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடந்தார். அல்லி வரவில்லை. 1990 ஜூன் 24 அன்று 94ஆவது பகுதியோடு தொடர் முடிந்தபோது, "அல்லியைக் காட்டாமலேயே முடித்துவிட்டார்களா?" என்று ஆச்சி என்னைத்தான் கேட்டாள், ஏதோ நான்தான் தயாரிப்பாளர் போல. "கரண்ட் போன அன்று வந்துவிட்டுப் போயிருப்பாள் ஆச்சி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இருக்கும்" என்றாள்.

இந்தத் தொடரை எந்த மொழிக் கணக்கில் எழுதுவீர்கள்? நடித்தவர்கள் பேசியது இந்தி. எங்கள் அறையில் ஒலித்தது திருநெல்வேலித் தமிழ்.

போகட்டும், மகாபாரதம் எல்லோருக்கும் பொது. 'மால்குடி டேஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கதை எழுதிய ஆர்.கே. நாராயண் 1906இல் சென்னையில் பிறந்தவர், எழுதியது ஆங்கிலத்தில், வாழ்ந்தது மைசூரில். இயக்கிய சங்கர் நாக் கன்னடக்காரர். படம்பிடித்த ஊர் கர்நாடகத்தின் ஆகும்பே. அந்தத் 'தானா நா' இசை எல். வைத்தியநாதனுடையது. ஓவியங்களை வரைந்த ஆர்.கே. லக்ஷ்மண் நம் மும்பையிலேயே உட்கார்ந்து தினமும் கேலிச்சித்திரம் போட்டவர். பேசியதோ இந்தி. அதில் வரும் சிறுவன் சுவாமியும் அவன் அப்பாவும் பேசிக்கொள்வதைப் பார்த்தால் நம் ஊர் வீட்டுத் திண்ணைதான். உங்கள் நிபந்தனைப்படி அது வெளியூர்ச் சரக்கு.

ஷியாம் பெனகல் 1988இல் நேருவின் புத்தகத்தை 53 பகுதிகளாக எடுத்த 'பாரத் ஏக் கோஜ்' இன்னும் சிக்கலானது. அதில் சிலப்பதிகாரம் வருகிறது, சோழர்கள் வருகிறார்கள். கண்ணகி பாண்டியனிடம் இந்தியில் நீதி கேட்கிறாள். எதிர்வீட்டு மாமா "இது நம் கதை" என்று பக்கத்து வரிசை பையாக்களை (இந்திக்கார அண்ணன்மாரை) எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார். எனக்கு அன்று மட்டும் வேலை மாறிவிட்டது: திரையில் சொல்லாமல் விட்டதை எல்லாம் தமிழிலிருந்து இந்திக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சிலம்புக்கு இந்தியில் என்ன என்று தெரியாமல் என் கால் கொலுசைத் தொட்டுக் காட்டினேன்.

துப்பறியும் கட்டத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. 1985இல் வந்த கரம்சந்த் கேரட்டைக் கடித்துக்கொண்டே கொலைகாரனைப் பிடிப்பார். குழந்தைகளுக்குப் பிடித்தது, எனக்கு அவ்வளவாக இல்லை. பாசு சாட்டர்ஜியின் 'ப்யோம்கேஷ் பக்ஷி' (1993) அதைவிடப் பல படி மேல். வேட்டி கட்டிய அந்த மனிதர் சத்தம் போடாமல் யோசிப்பார். ஆனால் இரண்டையும் விட்டுவிட்டு 'மர்மதேசம்' என்றே எழுதியிருக்கிறேன், அதிலும் நாகா இயக்கிய 'விடாது கருப்பு'. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டுவிட்டு இரவில் பொதுக் கழிப்பறைக்குப் போகத் துணை தேடியவர்கள் நம் வரிசையில் இன்னும் இருக்கிறார்கள். எனக்குத் தமிழ்த் தொடர்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை என்பது இதிலிருந்து தெரியும்.

குடும்பக் கட்டத்தில் இரண்டு பெயர்கள் எழுதியிருக்கிறேன், மன்னிக்கவும். 1984இல் தொடங்கிய 'ஹம் லோக்' வீட்டில் மூன்று பெண்கள்: பட்கி, மஜ்லி, சுட்கி. ஆச்சி அவர்களைப் பெரியவள், நடுவுள்ளவள், கடைக்குட்டி என்றுதான் சொல்வாள். இன்னொன்று 'மெட்டி ஒலி'. ஐந்து பெண்களைப் பெற்ற அந்த அப்பாவைப் பார்த்து எங்கள் அப்பா, மூன்றோடு தப்பித்தோம் என்று பெருமூச்சு விடுவார். நகைச்சுவைக்கு 'வாக்லே கி துனியா'. இதைப் பற்றி விளக்கம் வேண்டாம். மாதக் கடைசியில் மும்பையில் சம்பளத்துக்குக் காத்திருந்த எவருக்கும் புரியும்.

பொது அறிவில்தான் உங்களோடு சண்டை. வினாடி வினாவை மட்டும் நினைத்து இந்தக் கட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். தூர்தர்ஷனின் பண்பாட்டு நிகழ்ச்சி 'சுரபி'யில் கேட்கும் கேள்விக்குப் பதிலாக ஒரே வாரத்தில் 14 லட்சத்துக்கும் மேல் கடிதம் போனது. அதில் ஒன்று நான் போட்டது, பரிசு வரவில்லை. ஆனாலும் என் வாக்கு அதற்கில்லை. பம்பாய்த் தூர்தர்ஷனில் மாலையில் வந்த மராத்தி விவசாய நிகழ்ச்சி ஒன்று, 'ஆம்ச்சி மாத்தி, ஆம்ச்சி மாணசம்'. எங்கள் மண், எங்கள் மக்கள் என்று பொருள். பட்டறையிலிருந்து தோல் வாடையோடு வந்து, கால்கூடக் கழுவாமல் எதிர்வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அப்பா அதைப் பார்ப்பார். நாசிக் திராட்சைக்கு என்ன மருந்து, வெங்காயத்தை எப்படிக் காயவைப்பது என்று யாரோ ஒரு விவசாயி சொல்லிக்கொண்டிருப்பார். நம் சந்தில் துளசிச் செடி வைக்கவே டால்டா டப்பாதான் உண்டு. அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சொட்டுநீர்ப் பாசனத்தைப் பார்த்த அன்று இரவு இன்லேண்ட் கடிதம் வாங்கிவரச் சொல்லி, குழாயில் எத்தனை அடிக்கு ஒரு துளை என்று படமே வரைந்து ஊரில் உள்ள பெரியப்பாவுக்கு அனுப்பினார். பெரியப்பாவின் பதில் மூன்று வரி: தாமிரபரணியில் தண்ணீர் ஓடுகிறது, இங்கே எல்லோரும் நலம், நீ உன் வேலையைப் பார். அப்பா அடுத்த வாரமும் உட்கார்ந்தார். அந்தக் கட்டத்தில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன், தமிழ் எழுத்தில்.

கேபிள் வந்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1999இல் 'சித்தி' தொடங்கியபோது எங்கள் வீட்டிலேயே வண்ணத் தொலைக்காட்சி இருந்தது. முதல் நாள் பழக்கதோஷத்தில் ஆச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ராதிகா ஏதோ சொன்னார். நான் வாயைத் திறந்தேன். "சும்மா இரு, எனக்குக் கேட்கிறது" என்றாள் ஆச்சி. எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

என் கோரிக்கை பெரிதில்லை. 'தமிழில் ஒளிபரப்பான' என்பதை 'நம் வீடுகளில் பார்த்த' என்று திருத்துங்கள். அச்சடித்தாகிவிட்டது என்றால் கடைப் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் போதும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பாதிப் பேர் இந்த நிபந்தனையைப் பார்த்துவிட்டுப் படிவத்தை வாங்காமலே போகிறார்கள் என்று கடைக்காரரே சொன்னார்.

என் படிவத்தை நேற்றே பெட்டியில் போட்டுவிட்டேன். எண்ணும்போது பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். அங்கே நானே ஸ்கேல் வைத்து ஆறாவது கட்டம் ஒன்று போட்டு, 'வந்திருக்க வேண்டியவர்' என்று தலைப்பிட்டு, அல்லி என்று எழுதியிருக்கிறேன். அது என் வாக்கு இல்லை, ஆச்சியுடையது. செல்லாது என்று தள்ளுவதானால் தள்ளிக்கொள்ளுங்கள். ஆனால் மேடையில் ஒருமுறை வாசித்துவிட்டுத் தள்ளுங்கள்.

இப்படிக்கு,
தொண்ணூறு அடிச் சாலைப் பக்கத்துச் சந்திலிருந்து,
மொழிபெயர்ப்புக்குக் கடலை வாங்கித் தின்றவள்