அப்பாவின் கேசட்டும் உன் பதினைந்தாயிரமும்

சென்னை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும், கூடவே பென் டிரைவில் அனுப்பிய மூன்று பதிவுகளும் வந்து பத்து நாளாகிவிட்டது. மூன்றையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் எழுதுவது என்று இருந்தேன், அதனால்தான் தாமதம். இங்கே எல்லாரும் நலம். பெரியவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடும்படி தங்கச்சியிடம் சொல்.

இனி நீ கேட்ட விஷயம். பையன் வாங்கிக் கொடுத்த சென்ஹைசர் ஹெச்டி 600 ஹெட்போன் கையில் இருக்கிறது. அது 300 ஓம் மின்தடை கொண்டது, ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இல்லாமல் ஓடவே ஓடாது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்தாயிரத்துக்குள் ஒரு பிளேயரும் ஒரு ஹெட்போன் ஆம்ப்பும் வேண்டும். ரயிலிலும் கேட்க வேண்டும், வீட்டிலும் கேட்க வேண்டும். கேட்கப்போவது உங்கப்பா விட்டுப்போன நாற்பது கேசட்டுகளை, கணினிக்கு மாற்றி. இவ்வளவுதானே?

முதலில் ரயிலையும் வீட்டையும் பிரித்துக்கொள். ஹெச்டி 600 திறந்த முதுகு கொண்ட ஹெட்போன். உள்ளே ஓடுவது வெளியே கேட்கும், வெளியே இருப்பது உள்ளே வரும். 1997-ல் வந்த மாடல் இன்றும் விற்கிறதென்றால் அதன் இயல்பான ஓசைக்காகத்தான். ஆனால் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பாசஞ்சரில் அதை மாட்டிக்கொண்டால் தண்டவாளச் சத்தமும் சுண்டல்காரர் குரலும்தான் கேட்கும். மூன்று மீட்டர் வயரை எங்கே சுருட்டி வைப்பாய்? அது வீட்டிலேயே இருக்கட்டும்.

ரயிலுக்குக் காதுக்குள் நுழையும் இயர்போன்தான் சரி. மூன்ட்ராப் சூ 2, செவன்ஹெர்ட்ஸ் ஸீரோ போன்றவை இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கின்றன. பத்து வருடத்துக்கு முன் இந்த விலைக்கு இப்படி ஒரு ஓசை கிடைக்காது. வயர் கழற்றி மாட்டக்கூடியதா என்று மட்டும் பார்த்து வாங்கு, முதலில் அறுவது எப்போதும் அதுதான். ரப்பர் முனையை எடுத்துவிட்டு நுரை முனை போட்டுக்கொள். அதை விரலிடுக்கில் உருட்டிச் சின்னதாக்கி, காதை மேல்பக்கமாக லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வைத்து, இருபது எண்ணும்வரை விரலை எடுக்காதே. நுரை மெல்ல விரிந்து காதை அடைக்கும், ரயில் சத்தம் நாலு வீடு தள்ளிப் போய்விடும். அதற்கப்புறம் வால்யூமைக் கூட்டத் தோன்றாது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், அதற்குமேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, இருக்கிற காதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த இயர்போனுக்கு ஆம்ப் வேண்டவே வேண்டாம். மாட்டினால் கெடுதல்தான். இவை கொஞ்சம் மின்சாரத்துக்கே உரக்கப் பேசும் ஜாதி. வலுவான ஆம்ப்பில் செருகினால் பாட்டு நின்ற இடத்திலெல்லாம் 'உஸ்' என்று ஒரு இரைச்சல் கேட்கும். பிளேயரின் வெளியீட்டு மின்தடை, இயர்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். இயர்போன் 16 ஓம் என்றால் பிளேயர் 2 ஓமுக்குக் கீழே.

இப்போது அந்த 300 ஓம் பூச்சாண்டிக்கு வருகிறேன். கடையில் சொன்னது பாதி உண்மை. 1 வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாட் போகும், 300 ஓமுக்கு மூன்று மில்லிவாட் சொச்சம்தான் போகும். 2 வோல்ட் கொடுத்தால் அதுவே நாலு மடங்காகி 13 மில்லிவாட் ஆகும். இந்த ஒன்றிலிருந்து இரண்டு வோல்ட்டுக்குத்தான் ஆம்ப் என்று காசு வாங்குகிறார்கள். காதுக்கு அது 6 டெசிபல் வித்தியாசம். அந்த 6 டெசிபலை வேறு இடத்திலிருந்தும் எடுக்கலாம்.

கேசட்டிலிருந்து மாற்றி நீ அனுப்பிய மூன்று பதிவுகளையும் ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் திறந்து பார்த்தேன். இரண்டாவது பதிவின் அலை நடுக்கோட்டை ஒட்டி ஒரு மெல்லிய பட்டையாகக் கிடந்தது. மேலே பாதிக்குமேல் காலி. ஆனால் நாலாவது நிமிடத்தில் ஒரே ஒரு இடத்தில் ஊசிபோல் ஒரு கோடு உச்சி வரை நின்றது. பெரிதாக்கிப் பார்த்தால், யாரோ டேப் ரெக்கார்டரை நகர்த்தி வைத்த 'டப்' சத்தம். அந்த ஒரு டப் இருப்பதால்தான் மென்பொருள் மொத்தப் பதிவையும் உயர்த்த மறுக்கிறது. அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அமுக்கிவிட்டு, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தொடும்வரை மொத்தப் பதிவையும் உயர்த்தினேன், நார்மலைஸ் என்பார்கள். ஏழு டெசிபல் கிடைத்தது. டேப்பின் இரைச்சலும் சேர்ந்துதான் உயரும், அது ஆம்ப் போட்டாலும் உயரும். பணம் செலவில்லாமல் ஆம்ப்பின் வேலை முடிந்தது.

ஆம்ப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. நான் கட்டிய மிட்டாய் டப்பா ஆம்ப் உனக்கு நினைவிருக்கும். சூ மோய் என்பவர் இணையத்தில் வெளியிட்ட வரைபடம், ஒரு 9 வோல்ட் பேட்டரி, மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் தேடி வாங்கிய ஓபிஏ 2134 சிப். அதை நான் எவ்வளவு கொண்டாடினேன்! போன வருடம் பெரியவளை வைத்து ஒரு சோதனை செய்தேன். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, டப்பாவிலிருந்தும் போனில் மாட்டிய டாங்கிள் என்கிற குட்டி ஒலிக்கருவியிலிருந்தும் ஒரே வோல்ட் வருகிற மாதிரி மல்டிமீட்டரில் அளந்து வைத்தேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிச் செருக, எது எது என்று நான் சொல்ல வேண்டும். பத்துக்கு ஐந்துதான் சரியாகச் சொன்னேன். இத்தனை வருடமாக அந்த டப்பாவில் நான் கேட்ட 'உயிர்' எல்லாம் கொஞ்சம் கூடுதல் சத்தம்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதை 'நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும். கடையில் மாட்டிக் காட்டும்போது ஆம்ப் எப்போதும் ஜெயிப்பது இதனால்தான். நீ போய்க் கேட்டால் இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்.

பிளேயர் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. போனிலேயே கேட்கலாம்தான், ஆனால் ஆலாபனை நடுவில் ஆபீஸ் போன் வந்தால் கேட்ட சுகமே போய்விடும். ஃபியோ நிறுவனத்தார் ஸ்னோஸ்கை எக்கோ மினி என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். பார்க்கப் பழைய கேசட் வாக்மேன் மாதிரியே இருக்கும். தொடுதிரை இல்லை, விரலால் தடவியே அமுக்கும் பட்டன்கள், மெமரி கார்டு போட இடம். சட்டைப்பையில் இருக்கும்போதே பார்க்காமல் நிறுத்தலாம், அதுதான் எனக்குப் பிடித்தது. ஹெச்டி 600-ஐயும் அதிலேயே மாட்டிக் கேள். பதிவுகளை உயர்த்திய பிறகும் வால்யூம் போதவில்லை என்றால் மட்டும் 2 வோல்ட் தரும் டாங்கிள் ஒன்று வாங்கிப் போனில் மாட்டு, மூவாயிரத்தை ஒட்டி வரும். பெரிய ஆம்ப் பக்கம் போகாதே.

டப்பாவில் சிடியைவிட உயர்ந்த தரம் என்று காட்டும் தங்க நிற 'ஹை-ரெஸ்' முத்திரை இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். உனக்கு அது தேவையில்லை. சிடி தரமான 16 பிட்டே மெல்லிய ஓசைக்கும் உரத்த ஓசைக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளியைத் தாங்கும், கேசட்டில் அறுபது தேறினால் பெரிது. அதிலும் உங்கப்பா ரேடியோவிலிருந்து பிடித்தவை மத்திய அலையில் வந்தவை. அங்கே நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி, வீட்டு ரேடியோப் பெட்டி நாலைந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஓசையை விடாது. தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் சேமித்து வை, அது போதும். நாற்பது கேசட், ஒன்று ஒரு மணி நேரம் என்றால் சிடி தரத்தில் 25 ஜிபி, ஃப்ளாக்கில் ஏறக்குறைய அதில் பாதி. 64 ஜிபி கார்டே தாராளம்.

கார்டை மட்டும் மலிவாகக் கிடைக்கிறதென்று எங்கும் வாங்காதே. 256 ஜிபி என்று அச்சிட்ட ஒன்றை நான் ஒரு கடையில் வாங்கி ஏமாந்தேன். உள்ளே இருந்தது 32 ஜிபி. அதற்குமேல் போட்டதெல்லாம் பட்டியலில் பெயர் காட்டியது, தட்டினால் மௌனம். இப்போதெல்லாம் கார்டு வாங்கியதும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்கிற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பாட்டு ஏற்றுகிறேன். நீயும் அப்படியே செய். கேசட்டுகளின் மூலப் பிரதி வேறொரு ஹார்டு டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

கணக்குப் பார்த்தால் உன் பதினைந்தாயிரத்தில் நல்ல பங்கு மிச்சமாகும். அதை உன் கேசட் டெக்கில்தான் போட வேண்டும் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மூன்றாவது பதிவு, கோயில் பிராகாரத்தில் உங்கப்பா நேரில் உட்கார்ந்து பிடித்த நாகஸ்வரம். ரேடியோ வழியாக வராதது, அதனால் மேல் ஓசையெல்லாம் டேப்பில் இருந்தாக வேண்டும். ஆனால் நீ அனுப்பியதில் கைத்தாளத்தின் 'ஜிங்' மழுங்கி, கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. தவிலின் வலந்தலையில் விரலில் மாட்டிய கூடு விழும் கூர்மை இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். பாரி நாயனம் என்கிற நீளமான நாகஸ்வரம் பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டைச் சுருதியில் இருக்கும். உன் பதிவில் சுருதிப்பெட்டியை வைத்துப் பார்த்தால் 1½-க்கும் கொஞ்சம் கீழே நிற்கிறது. வேகம் 6 விழுக்காடு குறைந்தால் சுருதி அரைக் கட்டை இறங்கிவிடும். உன் டெக்கில் டேப்பை ஓட்டும் பெல்ட் தொய்ந்திருக்கிறது. டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வும் உங்கப்பாவின் டேப் ரெக்கார்டரோடு பொருந்தவில்லை. இந்த இரண்டையும் எத்தனை லட்ச ரூபாய் ஆம்ப்பாலும் திருத்த முடியாது. டேப்பிலிருந்து எடுக்கும்போதே போன மேல் ஓசை போனதுதான்.

ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போது, இடது, வலது ஒலி இரண்டையும் ஒன்றாக, அதாவது மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே, அதை இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். கால் சுற்றுகூட வேண்டியிருக்காது. ஒரு இடத்தில் கம்பளி விலகித் தாளம் பளிச்சென்று கேட்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை. இதுவரை கணினிக்கு மாற்றிய பன்னிரண்டு கேசட்டையும் மறுபடி எடுத்துவிடலாம்.

தை பிறந்ததும் நாலு நாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன். ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் நானே கொண்டுவருகிறேன். அதுவரைக்கும் மீதிக் கேசட்டுகளை டெக்கில் போடாதே. தொய்ந்த பெல்ட்டில் டேப் சுருட்டிக்கொண்டால் அப்பாவின் பதிவு போய்விடும். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, வெயில் படாத அலமாரியில் வை. டெக்கின் பின்பக்கத்தில் மாடல் எண் இருக்கும், அதை எழுதி அனுப்பு. அதற்கேற்ற பெல்ட்டை ரிச்சி தெருவில் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம், தங்கச்சிக்கும் பையனுக்கும் அன்பு.

உன் பழைய அறைத்தோழன்