நீரின் கொதிநிலையோடு அழுத்தத்தையும் குறிப்பிடுக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் சென்ற வாரம் வெளிவந்த கோடிட்ட இடங்களை நிரப்பும் வினாக்களில், நீரின் கொதிநிலை எவ்வளவு என்பதற்கு '100 டிகிரி செல்சியஸ்' என்று மட்டும் விடை தரப்பட்டிருந்தது. 'கடல்மட்ட வளிமண்டல அழுத்தத்தில்' என்ற தொடர் அதில் இல்லை. பாடநூல் பயிற்சிகளிலும் வினாத்தாள்களிலும் இது விடுபடுவது வழக்கமாகிவிட்டது. உதகமண்டலத்தில் பல ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவள் என்ற முறையில், இந்த விடுபாடு பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதை நேரில் கண்டிருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவியர் பீக்கரில் நீரைக் கொதிக்கவைத்து வெப்பநிலையைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். நீர் தளதளவென்று கொதித்தபோதும் பாதரசம் 93-ஐ எட்டும் முன்பே நின்றுவிட்டது. மேலும் பத்து நிமிடம் சூடாக்கியும் அது ஏறவில்லை. மாலையில் பதிவேடுகளைத் திருத்துகையில் ஒரு மாணவியின் பக்கத்தில், 93 என்று பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டு 100 என்று எழுதியிருந்ததைக் கண்டேன். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து கிழிந்திருந்தது. மறுநாள் கேட்டபோது, "வெப்பமானி பழசு மிஸ், தப்பா காட்டுது" என்றாள். வெப்பமானியில் பிழையே இல்லை. தான் கண்டதைச் சரியாகக் குறித்த பிள்ளை, அச்சில் இருந்த எண்ணுக்காக அதை அழித்திருந்தாள்.

நீரின் ஆவியழுத்தம் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போதுதான் நீர் கொதிக்கிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால், இங்கே நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று தோராயமாகக் கொள்ளலாம். அவ்வகையில் கோயம்புத்தூரிலேயே அது 99 டிகிரியை எட்டுவதில்லை.

இது புதிய செய்தியும் அன்று. நாம் இன்று பயன்படுத்தும் அளவுமுறைக்குப் பெயர் தந்த சுவீடன் நாட்டு வானியலாளர் ஆண்டர்சு செல்சியசு, 1742-இல் அதை முன்மொழிந்தபோதே, நீரின் கொதிநிலை காற்றழுத்தத்துக்கு ஏற்ப மாறும் என்பதையும், உறைநிலை அவ்வாறு மாறுவதில்லை என்பதையும் சொல்லியிருக்கிறார். (அவர் கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் வைத்திருந்தார், பின்னரே அது தலைகீழாக மாற்றப்பட்டது.) நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கும் மேல் பெருகுகிறது, பனிக்கட்டியாகும்போதோ சுமார் 9 சதவீதமே கூடுகிறது. ஆகவே காற்றின் அழுத்தம் முன்னதைப் பெரிதும் பாதிக்கிறது, பின்னதை ஏறக்குறைய தொடுவதே இல்லை. உதகையிலும் பனிக்கட்டி 0 டிகிரியில்தான் உருகுகிறது. இங்கே தேங்காய் எண்ணெய் மாதக்கணக்கில் புட்டியில் உறைந்து கிடப்பதற்கும் மலையின் உயரம் நேரடிக் காரணம் அன்று. அதன் உருகுநிலையே சுமார் 24, 25 டிகிரி, எங்கள் ஊர்க் குளிர் அதற்கும் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். இதை அறியாமல் எண்ணெயில் கலப்படம் என்று வருந்துபவர்களும் உண்டு.

இது தேர்வு மதிப்பெண்ணோடு முடிந்துபோகும் விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். சமவெளியிலிருந்து மாற்றலாகி வரும் குடும்பங்கள், அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவில்லையே என்று குழம்புகின்றன. கொதிக்கும் நீரின் வெப்பநிலை தீயைக் கூட்டுவதால் ஏறாது, எரிவாயுதான் வீணாகும். குக்கர் கூடக் கடல்மட்டத்தில் 120 டிகிரியை ஒட்டி வேகவைக்கிறது என்றால், இங்கே அதே வெயிட்டைப் போட்டாலும் சுமார் 116 டிகிரிதான் கிடைக்கிறது. ஆகவே கூடுதலாக ஓரிரு விசில் விடவேண்டியிருக்கிறது. குடிநீர் இன்னும் முக்கியமானது. நீரை ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் போதும் என்று கூறும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், 6,500 அடிக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது. உதகை 7,300 அடிக்கும் மேலே இருக்கிறது. கைக்குழந்தைக்கு நீர் காய்ச்சித் தரும் தாய்க்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எனவே மாணவர் பகுதியில் கொதிநிலைகளை வெளியிடும்போதெல்லாம் அவை எந்த அழுத்தத்துக்கு உரியவை என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலுமானால், பல ஊர்ப் பள்ளிகளின் மாணவர்கள் ஆசிரியர் முன்னிலையில் தத்தம் ஊரில் நீரின் கொதிநிலையை அளந்து, ஊரின் உயரத்தோடு எழுதி அனுப்புமாறு ஓர் அறிவிப்பு வெளியிட்டு, வந்த அளவுகளை அட்டவணையாகப் பதிப்பிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
உதகமண்டலம்.